இடாப்பில் இல்லாதவர்களின் கவிஞர்

சி. வி. வேலுப்பிள்ளையை ‘மக்கள் கவிமணி’ என்று நாம் போற்றுகிறோம். போற்றிய கையோடு அவரை விழா மேடையிலேயே விட்டுவிட்டும் வந்துவிடுகிறோம். அவர் எம்மொழியில் எழுதினார், யாரை நோக்கி எழுதினார் என்று கேட்போர் நம்மிடையே சிலரே. அக்கேள்வி நடையழகு பற்றியதன்று. மலையக மக்களின் அரசியல் வரலாறே அதனுள் அடங்கிக் கிடக்கிறது.

1914ஆம் ஆண்டு மடகொம்பரைத் தோட்டத்தில், பெரிய கங்காணியின் குடும்பத்திலே பிறந்தவர் அவர். தோட்டத்துப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் கொழுந்துக் கூடையைச் சுமக்கத் தொடங்கும் வயதில் இவருக்கு ஆங்கிலக் கல்வி கிட்டியது. இதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே நின்று, ஆட்கணக்குக்குப் பணம் பெற்று வாழ்ந்த கங்காணி முறையை அவர் வீட்டுக்குள்ளிருந்தே கண்டார். கண்டபின் எந்தப் பக்கம் போய் நின்றார் என்பதே நமக்கு முக்கியம்.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. தலவாக்கொல்லையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றவர் வேலுப்பிள்ளை. வேறு பல தொகுதிகளில் தோட்ட மக்களின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளருக்குத் துணை நின்றன. ஆளும் வர்க்கம் இதைக் கணக்கிட்டுப் பார்த்தது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலின்போது, தோட்டத்துச் செக்ரோலில் நாள் தவறாமல் பதியப்பட்ட பெயர்களுள் மிகப் பெரும்பாலானவை வாக்காளர் இடாப்பில் இல்லை. ஒருவர் தோற்கடிக்கப்பட்டு ஆசனத்தை இழப்பது வேறு. அவரைத் தெரிந்தெடுத்த மக்களே சட்டத்தின் முன் இல்லாமற் போய்விடுவது வேறு. நம் கவிஞருக்கு நேர்ந்தது இரண்டாவது.

ஐம்பதுகளில் வெளிவந்த அவருடைய ஆங்கில நெடுங்கவிதையை, ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’ என்பதை, இந்தப் பின்னணியில் வைத்தே படிக்க வேண்டும். லயத்து மக்களின் துயரை லயத்து மக்கள் அறியாத மொழியில் பாடியது எவ்வகையில் நியாயம் என்று கேட்பவர் உளர். துரையின் கட்டளை ஆங்கிலத்தில் இருந்தது; வாக்குரிமையைப் பறித்த சட்டமும் ஆங்கிலத்தில் இருந்தது. பறித்தவனுக்கு விளங்கும் மொழியிலேயே அவர் வழக்குரைத்தார் என்பது நம் துணிபு. வைகறையில் ஒலிக்கும் தப்பும், தேயிலைத் தூரின் கீழ் அடையாளக் கல்லுமின்றி மடிந்து கிடப்போரும் அக்கவிதையில் சாட்சிகளாக வந்து நிற்கின்றனர். 1969இல் சக்தீ பால ஐயா அதனைத் ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழில் தந்தபின்னரே பாடப்பட்டவர்களின் மொழியில் அது பேசியது. தோட்டத்து மாந்தரைச் சித்திரிக்கும் ‘பார்ன் டு லேபர்’ (1970) என்னும் நூலும் ஆங்கிலமே.

நாவலாசிரியர் என்ற முறையில் அவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுமென்று நமக்குத் தோன்றவில்லை. ‘வீடற்றவன்’, ‘இனிப்படமாட்டேன்’ முதலியவற்றில் கதைக் கட்டுக்கோப்பைவிட ஆவணத்தன்மையே மேலோங்கி நிற்கிறது. எனினும் ‘வீடற்றவன்’ என்ற தலைப்பொன்றே போதும். தோட்டத்தில் வேலை போனால் லயத்து அறையும் போகும். சங்கம் அமைக்க முன்வந்த தொழிலாளி பணயம் வைத்தது கூலியை மட்டுமன்று, குடும்பத்தின் கூரையையும் என்பதைத் தொழிற்சங்க வாழ்விலே நேரிற் கண்டவர் எழுதிய கதை அது.

அவருடைய தலையாய பணியென நாம் கருதுவது வேறொன்று. எழுதப் படிக்க அறியாத மக்களின் வாய்மொழிப் பாடல்களை அவர் பொறுமையோடு திரட்டினார். அவருக்கு முன்னரே மீனாட்சியம்மாள் நடேசய்யர் தாமியற்றிய பாடல்களைத் தொழிலாளர் கூட்டங்களிலே பாடி வந்தார். ஆனால் மக்கள் தாமே கட்டிய பாட்டு ஏட்டில் ஏறாமலே கிடந்தது. கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே கண்டிச்சீமைக்கு நடந்தது, கங்காணியின் கொடுமை, அரைப்பேர் போட்ட நாளின் வயிற்றெரிச்சல், தாலாட்டு, ஒப்பாரி: இவற்றை எந்தத் தோட்ட நிர்வாகத்தின் ஆண்டறிக்கையிலும் தேடிப் பயனில்லை. கோப்பிக்கால வரலாற்றை எழுத முற்படும் மாணவர்கள் துரைமாரின் கடிதங்களுக்குச் செலவிடும் நேரத்தில் பாதியையேனும் இப்பாடல்களுக்குச் செலவிடுதல் நன்று.

திரட்டுவதற்கு அவகாசமும் குறைவாகவே இருந்தது. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. பின்வந்த ஆண்டுகளில் தலைமன்னார்க் கப்பலில் ஏறிய முதியவர்களோடு எத்தனையோ பாட்டுகளும் போய்விட்டன. எஞ்சியவற்றுள் அவர் சேகரித்தவை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற பெயரில் 1983இல் சென்னையிலே நூலாயின. இங்கே லயங்களும் கடைகளும் எரிந்த ஆண்டும் அதுவே.

1984இல் அவர் காலமானார். அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களில் நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் அதன்பின் 19 ஆண்டுகள் கழித்து, 2003இல் நிறைவேறியது.