கீழைக்கடல் வழியே – 14: நம்பி கட்டிய மண்டபம்

பழவேற்காட்டின் லைட்ஹவுஸ் குப்பத்துக் கரையில் நின்றால், கண்ணுக்கு எட்டாத தொலைவில் நேர் கிழக்கே இருப்பது வடக்கு அந்தமான். அந்தத் தீவுகளின் பக்கத்தில், கடலுக்கு அடியில், இந்தியத் தட்டு பர்மியத் தட்டின் கீழே நுழைந்துகொண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலையில் சுமத்ரா தொடங்கி அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்த விளிம்பு பிளந்தது. இரண்டு மணி நேரம் போனதும் பழவேற்காட்டுக் குப்பங்களுக்குள் கடல் புகுந்தது. அதே விளிம்பு வடக்கே மியான்மருக்குள்ளும் நீள்கிறது. அதன்மேல் ஐராவதி ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கும் பகானுக்குத்தான் இந்த வாரம் போகிறோம்.

பழவேற்காட்டுக்காரர்களுக்கு அந்தப் பக்கம் அந்நியமில்லை. டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டுவதற்கு நூறு வருடம் முன்பே இவ்வூர்த் துணி பர்மாவின் பெகுவுக்குப் போனது. அங்கிருந்து மாணிக்கக் கற்கள் வந்தன. போர்த்துகீசியர் துவார்த்தே பார்போசா அதை எழுதிவைத்திருக்கிறார். ஆனால் பர்மாவில் கரையேறிய தமிழ் அதைவிட மூன்று நூற்றாண்டு மூத்தது.

பகானுக்குத் தெற்கே மியின்காபாவில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, வடமொழிச் சுலோகத்தில் ஆரம்பித்துத் தமிழுக்கு மாறுகிறது. மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர், புக்கத்தில் இருந்த நானாதேசி விண்ணகர்க் கோயிலுக்கு மண்டபம் கட்டி, கதவு போட்டு, எரிவதற்கு ஒரு விளக்கும் கொடுத்தார் என்பது செய்தி. மகோதயர்பட்டினம் இன்றைய கொடுங்கல்லூர். புக்கம்தான் பகான். பௌத்த மன்னர்களின் தலைநகரில், வணிகர் குழுவின் பேரில் ஒரு பெருமாள் கோயில்!

பகானில் இன்று மிஞ்சியிருக்கும் விஷ்ணு கோயில் நட்லாங் சாவுங். செங்கல் கட்டடம். பக்கத்திலேயே தட்பின்யு என்ற பௌத்தக் கோயில் ஓங்கி நிற்பதால் பலர் இதைக் கவனிக்காமலே போய்விடுகிறார்கள். வெளிச்சுவர் மாடங்களில் தசாவதாரம் வைத்திருந்தார்கள். பத்தில் ஏழுதான் இப்போது உண்டு. அந்த வரிசையில் புத்தருக்கும் ஓர் இடம். முன்மண்டபமும் சுற்றுச்சுவரும் நிலநடுக்கங்களுக்குப் பிறகு இல்லை. கருவறையும் அதன் மேற்கட்டும் நிற்கின்றன. பகான் கொத்தர்கள் செங்கல்லை விசிறி மடிப்பு போல அடுக்கி வளைவு கட்டத் தெரிந்தவர்கள். தூண், அதன்மேல் உத்தரம் என்றே பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு அந்த உட்கூரைகள் வியப்பு.

அங்கே நிலம் அடிக்கடி ஆடும். 1975 ஜூலை 8-ல் ஆடியதில் பெரிய சேதம். யுனெஸ்கோ உதவியோடு பழுதுபார்த்தார்கள். 1990-களில் ராணுவ அரசு வேறு வேகத்தில் இறங்கியது. இடிந்த மேடுகளின்மேல் புதுச் செங்கல் அடுக்கி, உச்சி எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து ஏற்றினார்கள். 2016 ஆகஸ்ட் 24-ல் 6.8 அளவில் ஆடியபோது ஏறக்குறைய 400 கோயில்கள் பழுதாயின. விழுந்தவற்றில் அந்தப் புது உச்சிகள் கணிசம். 1183-ல் எழுந்த சூலாமணிக் கோயிலின் உச்சி 1975-லும் விழுந்தது, 2016-லும் விழுந்தது. இந்த முறை, அப்போது அரசை வழிநடத்திய ஆங் சான் சூ கீ, பழுதுபார்ப்பில் அவசரப்பட வேண்டாம் என்றார். 2019-ல் பகான் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது.

ராணுவத்தை மட்டும் திட்டுவதற்கில்லை. உச்சி இல்லாத கோயிலை வணங்குகிறவருக்கு மனம் ஒப்பாது. கோபுரம் கட்டினால் புண்ணியம் என்ற நம்பிக்கை அங்கேயும் உண்டு. புதுப்பித்தவர்களின் பெயர்ப் பலகைகள் பல கோயில்களில் தொங்குகின்றன. டியூப்லைட்டிலேயே உபயம் எழுதுகிறவர்கள் நாம். கும்பாபிஷேகத்துக்காக மணலை வீசியடித்துக் கல்வெட்டுகளைத் தேய்த்ததும் நம் ஊரில்தான். குலசேகர நம்பியும் ஏற்கெனவே இருந்த கோயிலில் புதிதாகச் சேர்த்தவரே. ஒரே ஒரு வித்தியாசம்: மண்டபம், கதவு, விளக்கு என்று தான் சேர்த்தது இன்னதென்று கல்லில் வெட்டிவைத்தார். ஊகித்து ஏற்றிய உச்சியை இன்று பார்க்கிறவருக்கு எதுவரை பழசு என்பது விளங்காது.

2025 மார்ச் 28-ல் 7.7 அளவில் சகாயிங் பிளவு அசைந்தபோது பகான் பெரும்பாலும் தப்பியது. மாண்டலே தப்பவில்லை. அங்கே மகாமுனி கோயிலுக்கு என்ன ஆனது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)