லயம்: ஒரு வரிசையின் கதை

பாட்டுக்காரருக்கு லயம் என்றால் தாளம். இலங்கையின் பதுளைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு அது வீடு. "எந்த லயம்?" என்று கேட்டால், "மேட்டு லயம்", "பணிய லயம்", "இருபது காம்பரா லயம்" என்று பதில் வரும்.

குதிரை கட்டும் லாயம்தான் இப்படித் திரிந்தது என்பார் உண்டு. கட்டடத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். நீளத் தகரக் கூரை. நடுச்சுவரின் இரு பக்கமும் முதுகோடு முதுகாகப் பத்தடி, பன்னிரண்டடி அறைகள். முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு. அதன் மூலையில் விறகடுப்பு. ஆனால் பேச்சு வேறு சாட்சி சொல்கிறது. "லயன்" என்பாரும் இன்னும் இருக்கிறார்கள். வரிசையைக் குறிக்கும் ஆங்கில 'லைன்' லயனாகி, லயமாயிற்று. நிலம் நிலன் ஆவதுபோல, சொல்லின் கடைசியில் மகரமும் னகரமும் இடம் மாறுவது தமிழுக்குப் பழக்கம்தானே. காம்பரா போர்த்துக்கேயர் வழி வந்தது, இஸ்தோப்பு ஒல்லாந்தர் வழி. துரை இருந்த பங்களாவோ வங்காளத்து வீடு. எல்லாம் கடல் தாண்டி வந்த சொற்கள், அங்கே குடியேறியவர்களைப் போலவே.

கோப்பிக் காலத்தில் ஆட்கள் பழம் பறிக்க வந்தார்கள், பறித்து முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். ஒதுங்கிக் கிடக்க ஒரு வரிசை போதும் என்று துரைமார் நினைத்தார்கள். 1869இல் மடுல்சீமையில் கோப்பி இலையில் துருநோய் கண்டது. கோப்பி அழிந்து தேயிலை வந்தது. கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும். ஆகவே ஆட்களும் குடும்பத்தோடு தங்கினார்கள். வரிசை மட்டும் வரிசையாகவே நின்றது. சட்டத்தின் கண்ணிலும் அது கிராமமாகவில்லை. தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் தடையின்றிச் செலவிட, 1987ஆம் ஆண்டுச் சட்டம் 2018இல் திருத்தப்பட வேண்டியிருந்தது.

அதற்கு முன்பே, 2014 ஒக்டோபர் 29 காலையில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிவிட்டது. தப்பியவர்கள் வேறிடம் போனார்கள்.

அதே பதுளை மாவட்டத்தில், அப்புத்தளையில், அடிஷம் பங்களா அசையாமல் நிற்கிறது. 1931இல் தோமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயர் கருங்கல்லில் கட்டியது. இன்று பெனடிக்ட் சபைத் துறவியர் மடம். அடிஷம் என்பது இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் அவர் பிறந்த கிராமம். ஒருவர் வாழ்ந்த வீட்டுக்கு ஊர்ப்பெயர் கிடைத்தது. ஊரே வாழ்ந்த இடத்துக்குக் கடைசிவரை வரிசை என்பதுதான் பெயர்.