பாடியவர், சேகரித்தவர்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் மட்டும் திருத்தம் செய்திருக்கிறோம்.)

தாலாட்டு, ஒப்பாரி, விடுகதை, சொலவடை இதையெல்லாம் ஊர் ஊராப் போய்ச் சேர்த்தவங்க யாரு, எப்படிச் சேர்த்தாங்க என்பதுதான் இன்னைக்கு விஷயம். நடுவுல என் சொந்தக் கதையும் கொஞ்சம் வரும். அதைத் தவிர்க்க முடியலை, பொறுத்துக்குங்க.

எனக்கு வயசு 51. கோவில்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில மின்பராமரிப்பு வேலை. மூணு வருஷத்துக்கு முன்னால, நாட்டார் வழக்காற்றியல் பட்டயப் படிப்புல சேர்ந்தேன். சனி, ஞாயிறு மட்டும் வகுப்பு. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு நேரா பஸ் ஏறிப் போய் உட்காருவேன். என்னைவிடப் பத்து வயசு சின்னவரான ஆசிரியர் என்னை 'அண்ணே'ன்னு கூப்பிடுவார். பக்கத்துல உட்கார்ந்த பிள்ளைங்க 'சார்'னு கூப்பிடும். யாருக்கு நான் மாணவன்னு எனக்கே குழப்பம்.

"வேலைக்குப் போய்க்கிட்டே படிக்கிறோமே, இது உருப்படியான படிப்பா இருக்குமா"ங்கிற கூச்சம் எனக்கு இருந்தது. இந்தத் துறையோட வரலாற்றைப் படிச்சதும் அது போயிருச்சு. ஏன்னா தமிழில் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் பெரும்பாலோர் வேறு பிழைப்பு வைத்திருந்தவர்கள்.

ஆங்கிலேயர்களிடமிருந்தே ஆரம்பிக்கலாம். சார்லஸ் கோவர் என்பவர் தென்னிந்திய நாட்டுப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1871-இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். பெர்சி மாக்வீன் என்ற ஆட்சிப் பணி அதிகாரி, அரசாங்க வேலைக்கு நடுவே பாடல்களைச் சேகரித்தார். அவர் சேர்த்து வைத்ததை கி.வா.ஜகந்நாதன் பதிப்பிக்க, தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1958-இல் 'மலையருவி' என்று வெளியிட்டது. இதற்கெல்லாம் அவர்களுக்குத் தனிச் சம்பளம் ஒன்றும் கிடையாது.

ஆனா என்னைப் பிடிச்சு உட்காரவெச்சது பாளையங்கோட்டைதான். பேராசிரியர் நா.வானமாமலைன்னு சொல்றோம். அவர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியரா இருந்து, அதை விட்டுட்டுத் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திப் பிழைச்சவர். அவரைச் சுற்றி நெல்லை ஆய்வுக் குழு உருவானது. வேறு வேறு வேலையில் இருந்தவர்கள் கூடி, கட்டுரை படித்து, சண்டை போடாத குறையாக விவாதித்தார்கள். 1969-இல் 'ஆராய்ச்சி' என்ற இதழையும் அவர் தொடங்கினார். முத்துப்பட்டன் கதை, கட்டபொம்மன் கதைப்பாடல் போன்றவற்றை ஆராய்ச்சிப் பொருளாக ஆக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

அவர் தொகுத்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' நூலைக் கையில் எடுத்தால், பாட்டைப் படிச்சிட்டுக் கீழே பாருங்க. சின்ன எழுத்தில் வட்டார வழக்குச் சொற்களுக்குப் பொருள் இருக்கும். அதற்கும் கீழே 'சேகரித்தவர்' என்று ஒரு பெயர், 'இடம்' என்று ஒரு ஊர். எஸ்.எஸ்.போத்தையா, எஸ்.எம்.கார்க்கி என்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். போத்தையா, விளாத்திகுளம் பக்கம் தங்கம்மாள்புரத்துக்காரர், பள்ளி ஆசிரியர். பள்ளிக்கூட நேரம் போக மிச்ச நேரத்தில் ஒரு நோட்டோடு கரிசல் காட்டில் அலைந்தவர். தொகுத்தவர் தன் பெயரை மட்டும் போட்டுக்கொண்டு போகாமல், அலைந்தவரின் பெயரை ஒவ்வொரு பாட்டுக்குக் கீழேயும் அச்சில் ஏற்றியிருக்கிறார். எனக்கு அந்தக் கடைசி இரண்டு வரிகள் பாட்டைவிடப் பிடித்துப்போயின.

அதே கரிசலில் இடைசெவல் கி.ராஜநாராயணன் இருந்தார். விவசாயி. பள்ளிப் படிப்பு பெரிதாக இல்லை. 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். பின்னால் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்தது. மற்றவர்கள் அச்சில் ஏற்றக் கூசிய பாலியல் கதைகளையும் 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று தொகுத்து வெளியிட்டார். இதை ஏன் சொல்றேன்னா, எதைச் சேகரிக்கிறோம் என்பதைப் போலவே, எதை விட்டுவிடுகிறோம் என்பதும் இந்தத் துறையில் ஒரு கேள்வி. அது எனக்குப் புத்தகத்தில் புரியலை. என் அத்தைகிட்டதான் புரிஞ்சது.

ரெண்டாம் பருவத்துல களப்பணி. ஆளுக்கு பத்துப் பாட்டு சேகரிக்கணும். படிவத்துல கட்டங்கள் இருக்கும்: பாடியவர், வயது, ஊர், பாடும் சூழல், சேகரித்தவர். நான் ஒப்பாரி எடுத்துக்கிட்டேன். எங்க அப்பாவோட கூடப்பிறந்த அக்கா, 84 வயசு, ஊர்லயே பேர்போன ஒப்பாரிக்காரி. வீட்டுல போய், போனை முன்னால வெச்சு, "பாடுங்கத்தே"ன்னேன். வெளக்குமாத்தை எடுக்காத குறை. "இழவு விழாத வீட்டுல ஒப்பாரி வைக்கச் சொல்றியே, படிச்ச படிப்பு இதுதானா?"ன்னு கேட்டாங்க. இது எல்லாக் களப்பணியாளரும் சந்திக்கிற சங்கதின்னு ஆசிரியர் பிறகு சொன்னார். ஊருக்கு வெளியே கூட்டிட்டுப் போகணுமாம். மறுவாரம் கம்மாய்க் கரையில, புளியமரத்தடியில உட்கார்ந்து பாடினாங்க. ஒண்ணேகால் மணி நேரம்.

மாமா செத்தப்ப தான் வெச்ச ஒப்பாரின்னுதான் ஆரம்பிச்சாங்க. முதல்ல புருஷனைப் பத்தி. அப்புறம் பிறந்த வீடு. பிறந்த வீட்டு வாசல் அடைச்சிருக்கு, நாத்தனார் வந்தும் தம்பி பொண்டாட்டி தண்ணி தரலை – இது மாதிரி அடிகள் ஒப்பாரியில வழக்கமா வரும்னு வகுப்புல படிச்சிருந்தேன். அதனால 'மரபுக் கூறு'ன்னு நோட்டுல எழுதிக்கிட்டே இருந்தேன். திடீர்னு பாம்படம் வந்தது. பொறந்தவன் மகன் படிப்புக்குன்னு காதுல கிடந்த பாம்படத்தைக் கழட்டிக் குடுத்தேன், அடகுக் கடைக்குப் போனது திரும்பி வரலை, புருஷன் பொணத்துக்கு முன்னால மூளிக் காதோட நிக்கிறேன் – இதுதான் பொருள்.

பொறந்தவன் மகன் நான்தான். 1990-இல் பாலிடெக்னிக் சேர்ந்தேன். அத்தையோட காது தொங்கி, வெறுமையா ஆடுறதை என் வாழ்க்கை முழுக்கப் பார்த்திருக்கேன். வயசானா கழட்டிருவாங்கன்னு நினைச்சிருந்தேன்.

மாமா செத்த அன்னைக்கு நானும் அங்கதான் இருந்தேன். ஆம்பளைங்க நாங்க வெளியில பெஞ்சுல உட்கார்ந்து பீடி, டீ, பாடை கட்டுற பேச்சுன்னு இருந்தோம். உள்ளே பொம்பளைங்க வட்டம் கட்டி மாரடிச்சு அழுதாங்க. எங்களுக்கு அது ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்குள்ள எங்கப்பா மேல ஒரு வழக்கு நடந்திருக்கு. ஊர்ப் பொம்பளைங்க அத்தனை பேருக்கும் தெரியும். எங்கம்மாவுக்கும் தெரிஞ்சிருக்கும். பஞ்சாயத்துல ஒரு பொம்பளை தன் தம்பி மேல இப்படிப் பேசியிருக்க முடியாது. ஒப்பாரியில பேசலாம், குறுக்கே யாரும் தடுக்க மாட்டாங்க. இதைத்தான் பாடப் புத்தகத்துல 'ஒப்பாரியின் சமூகப் பயன்'னு ரெண்டு மதிப்பெண் கேள்வியா படிச்சிருந்தேன்.

பாடி முடிச்சு, அத்தை வெத்தலையைப் போட்டுக்கிட்டு, "போதுமா மருமகனே?"ன்னு மட்டும் கேட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லலை.

அப்புறம் செஞ்சதைச் சொல்லிருறேன். படிவத்துல அந்தப் பகுதியை விட்டுட்டேன். 'சில அடிகள் தெளிவாகக் கேட்கவில்லை'ன்னு எழுதிக் குடுத்துட்டேன். மதிப்பெண்ணும் நல்லாவே வந்தது. ஆனா அதுக்குப் பிறகு பழைய தொகுப்புகளைப் படிக்கிறப்ப ஒரு பாட்டு பாதியில நின்னா, விட்டுப்போன அடின்னு புள்ளி வெச்சிருந்தா, எனக்கு ஒரு மாதிரி ஆயிரும். அங்கே யாரோட அப்பா இருந்தாரோ?

எங்கப்பா இப்ப இல்லை. அடகுக் கடையும் இல்லை. அந்த இடத்துல செல்போன் கடை இருக்கு. ஆறு மாசம் கழிச்சு அத்தைகிட்ட போய், நான் விட்ட அடிகளைச் சேர்த்துத் திரும்பக் குடுக்கப்போறேன்னு சொன்னேன். "முதல்லயே எழுதலையா? அப்ப எதுக்கு அவ்வளவு தூரம் வெயில்ல கூட்டிட்டுப் போன?"ன்னு கோபப்பட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "எழுது. ஆனா உங்கப்பன் பேரைப் போடாத. பாட்டுல இருக்கற மாதிரி பொறந்தவன்னு மட்டும் போடு"ன்னாங்க.

திருத்தின படிவத்தை ஆசிரியர்கிட்ட குடுத்தேன். அவர் வாசிச்சுட்டு, பாம்பட அடிக்குப் பக்கத்துல பென்சிலால 'மரபுக் கூறு?'ன்னு குறிச்சார். நான் மறுக்கலை. பாடியவர் கட்டத்துல முதல் தடவை அத்தையை மாமா பேரைச் சொல்லி இன்னாரோட மனைவின்னு எழுதியிருந்தேன். அதை மட்டும் அவர் முன்னாலேயே அடிச்சுட்டு, அத்தையோட சொந்தப் பேரை எழுதினேன்.

அடுத்த அத்தியாயத்துல வில்லுப்பாட்டு. பார்ப்போம்.