பாளையங்கோட்டைச் சிறைத் தாக்குதலும் (1801) சிவகங்கைப் போரும்

1801 பிப்ரவரி 2 அன்று மாலை, பாளையங்கோட்டையில் மேஜர் மெக்காலேயின் இல்லத்தில் கும்பினிப் படை அதிகாரிகள் விருந்துண்டு கொண்டிருந்தனர். அதே வேளையில் விறகு விற்போராகவும் பிறவாறாகவும் மாறுவேடம் பூண்டு ஊருக்குள் புகுந்தோர், காவலரைத் தாக்கி ஊமைத்துரை முதலியோரைச் சிறைமீட்டனர். படையின் பெரும்பகுதி அப்போது சங்கரன்கோவில் பகுதியில் இருந்தது. தப்பியோர் இரவோடிரவாகப் பாஞ்சாலங்குறிச்சியை அடைந்தனர்.

இந்நிகழ்வை நாம் அறிவது பெரும்பாலும் அவ்விருந்தில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளின் வழியேயாம். கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றிலும் வெல்ஷின் குரல் கேட்கிறது. விருந்தினர் எத்தனை பேர் என்பது கூடப் பதிவாகியுள்ளது; விறகுக் கட்டில் ஆயுதம் மறைத்துச் சென்றோரின் பெயர்கள் இல்லை. ஆகவே ‘எதிர்பாராத் தாக்குதல்’ என்னும் தொடரே தாக்கப்பட்டோரின் பார்வையிலிருந்து பிறந்தது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

தென்னகத்தார்க்கு இது எதிர்பாராததன்று. 1799 ஏப்ரல் 24இல் மயிலப்பன் சேர்வைக்காரர் தலைமையில் முதுகுளத்தூர்க் கச்சேரி தாக்கப்பட்டது. கிளர்ச்சி அபிராமம், கமுதி வரை பரவியது. 1800 ஜூன் 3இல் கோயம்புத்தூர்க் கோட்டையைக் கைப்பற்றும் முயற்சி தோல்வியுற்றுப் பலர் தூக்கிலிடப்பட்டனர். இவற்றை ஒரே கூட்டமைப்பின் செயல்களாகக் காண்பவர் கே. இராசய்யன். அக்கூட்டமைப்பு அத்துணை இறுக்கமானதாக இருந்ததா என்பது விவாதத்திற்குரியது. ஆயினும் பாளையங்கோட்டை நிகழ்வு தனித்ததன்று என்பதில் ஐயமில்லை.

இனி, இத்தாக்குதலே சிவகங்கையைப் போருக்கு இழுத்தது என்னும் பொதுக் கருத்தை ஆராய்வோம். சிறைமீட்பு நடந்தது பிப்ரவரியில். சில நாள்களில் மெக்காலே பாஞ்சாலங்குறிச்சியை நெருங்கியபோது, 1799இல் இடிக்கப்பட்ட கோட்டை மீண்டும் எழுந்து நின்றது கண்டு பின்வாங்கினார். மார்ச் 31இல் நடந்த தாக்குதலிலும் கும்பினிக்குப் பேரிழப்பு. அக்னியூ தலைமையில் மே 24இல்தான் கோட்டை வீழ்ந்தது. இந்நான்கு மாத காலத்தில் கும்பினியின் போர் பாஞ்சாலங்குறிச்சியோடுதான், சிவகங்கையோடு அன்று.

போரின் எல்லையை மாற்றியது அதன் பின்னர் நிகழ்ந்த அடைக்கலம். காயமுற்றுத் தப்பிய ஊமைத்துரை கமுதியை அடைந்தார். அங்கிருந்து சின்ன மருது அவரைச் சிறுவயலுக்கு அழைத்துச் சென்றார். கமுதிக்கு வடக்கே வீரசோழன், நரிக்குடி, திருச்சுழி எனப் பரந்து கிடக்கும் இவ்வறண்ட நிலம், பாஞ்சாலங்குறிச்சிச் சீமைக்கும் சிவகங்கைச் சீமைக்கும் இடைப்பட்டது. வைகாசியில் கண்மாய்கள் வற்றி, குண்டாறு மணலாய்க் கிடக்கும். அடைக்கலம் தேடி நடப்போர்க்கும் பீரங்கி இழுத்து வரும் படைக்கும் அது ஒருங்கே திறந்த வழி. இப்பகுதியின் வரலாற்றை எழுதுவோர் கோட்டைகளை மட்டுமே தேடி, இவ்வழிகளைக் கவனியாது விடுகின்றனர்.

மருது சகோதரர் 1799இல் கட்டபொம்மனுக்காகப் போர்க்களம் புகவில்லை. அவர் 1801இல் ஊமைத்துரையை ஏற்றதன் பொருள் யாது? சிவகங்கையும் ஓர் எதிர்பாராத் தாக்குதலின் நினைவைச் சுமந்த நாடு. 1772 ஜூன் 25இல் காளையார்கோவிலில் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டது நவாபு, கும்பினிப் படைகளின் திடீர்த் தாக்குதலால் அன்றோ? அந்நினைவு மட்டுமே காரணம் எனல் மிகையாகும். எனினும் கும்பினியுடன் இணங்கிச் செல்வதால் பாதுகாப்பு நிலைக்கும் என்னும் நம்பிக்கை, பாஞ்சாலங்குறிச்சி இருமுறை அழிந்ததைக் கண்டபின் சின்ன மருதுவிடம் எஞ்சியிருக்க இயலாது.

ஜூன் 16இல் திருச்சிராப்பள்ளிக் கோட்டை வாயிலிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்ட அவரது அறிக்கை ஊமைத்துரையைக் காப்பது குறித்துப் பேசவில்லை. அந்நியர் ஆட்சியை அகற்ற அனைத்துச் சாதியினரையும் அழைத்தது. அடைக்கலத்தில் தொடங்கிய பூசல், சில வாரங்களுக்குள் நாடு பற்றிய வழக்காயிற்று. கும்பினிக்கும் அவ்வாறே: தப்பிய கைதியரைப் பிடிக்கப் புறப்பட்ட படை, அக்டோபர் 1இல் காளையார்கோவிலைக் கைப்பற்றும் வரை ஓயவில்லை. இடையே ஜூலை 31இல் கர்நாடக ஒப்பந்தத்தின் வாயிலாக நவாபின் ஆட்சியதிகாரம் முழுவதும் கும்பினியிடம் சென்றது.

அக்டோபர் 24இல் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். நவம்பர் 16இல் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார். அவ்வூரின் பெயரும் அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கப்பட்டது.