ஐந்து டாலர் சைக்கிள்

பாதைகளுக்குப் பெயர் வைப்பதில் மனிதர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அரசன் பெயரை வைப்பார்கள். ஆண்டவன் பெயரை வைப்பார்கள். ஒன்றும் தோன்றாவிட்டால் பக்கத்தில் நிற்கிற மரத்தின் பெயரையாவது வைப்பார்கள். பழுது பார்க்கிற வேலையின் பெயரைத் தாங்கி நிற்கும் பாதை, எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில், சான்பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மாரின் என்று ஒரு ஜில்லா இருக்கிறது. அங்கே பேர்பாக்ஸ் என்ற சிற்றூரை ஒட்டிய மலைச் சரிவில் இறங்குகிறது அந்தப் பாதை. அதன் பெயர் ‘ரீபாக்’. மறுபடியும் கிரீஸ் அடைப்பது என்று அர்த்தம்.

எதற்குக் கிரீஸ்? பழைய அமெரிக்க சைக்கிள்கள் பலவற்றில் கையால் பிடிக்கிற பிரேக் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பின்சக்கரத்தின் குடத்துக்குள் இருக்கிற பிரேக் பிடித்துக்கொள்ளும். சமதளத்தில், தெருவோரமாகப் போகிற பையனுக்கு அது தாராளம். சுமார் இரண்டு மைல் தூரத்தில் 1,300 அடி இறங்குகிற மண் பாதையில் அது என்ன பாடுபடும்? குடம் கொதித்துப் போகும். உள்ளே இருக்கிற கிரீஸ் உருகிப் புகையாகப் பறந்துவிடும். முழங்கையும் முட்டியும் சிராய்த்துக்கொண்டு அடிவாரம் வந்து சேர்ந்தவன், மறுபடி மேலே போவதற்கு முன்னால் குடத்தைப் பிரித்து, துடைத்து, புதுக் கிரீஸ் அடைத்தாக வேண்டும். அந்தச் சள்ளையே பாதைக்குப் பெயராகிவிட்டது.

இந்தப் பாதையில் 1976-ஆம் வருஷம் அக்டோபர் 21-ந் தேதி முதல் பந்தயம் நடந்தது. பரிசும் இல்லை, பவிஷும் இல்லை. நண்பர்களுக்குள், ‘நான் வேகமா, நீ வேகமா’ என்று கிளம்பிய வழக்கைத் தீர்க்க வேறு வழி தெரியாமல், சார்லி கெல்லி என்பவர் நேரம் குறிக்க ஆரம்பித்தார். கெல்லி அப்போது ஒரு வாத்தியக் கோஷ்டிக்குச் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை பார்த்தவர். அவருடைய தோழர்கள் காரி பிஷர், ஜோ ப்ரீஸ் முதலியவர்கள். பிற்பாடு பிஷர் அந்தப் பாதையை 4 நிமிஷம் 22 விநாடியில் கடந்தார். ப்ரீஸுக்கு இரண்டு விநாடி அதிகம் பிடித்தது. இன்று உலகமெங்கும் மலைச் சைக்கிள் என்று சொல்கிறோமே, அதன் ஜாதகத்தைக் கணிக்கிறவர்கள் எல்லாரும் இந்த இரண்டு மைலுக்குத்தான் வந்து சேருகிறார்கள்.

இதற்கு முன்னால் சைக்கிளை யாரும் மலைக்குக் கொண்டுபோனதில்லை என்று சொன்னால் அது அபாண்டம். 1897-இல் அமெரிக்க ராணுவத்தின் 25-ஆவது காலாட்படையைச் சேர்ந்த இருபது கறுப்புச் சிப்பாய்கள், மிஸூலா என்ற ஊரிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை சுமார் 1,900 மைல், மலையும் சேறும் மணலுமாகச் சைக்கிளில் கடந்தார்கள். 1953-இல் ஜான் பின்லி ஸ்காட் என்பவர் தடித்த டயர், நேரான ஹாண்டில்பார், மாற்றும் கியர் எல்லாம் வைத்து, காட்டில் ஓட்டுவதற்கென்றே ஒரு வண்டியைத் தயார் செய்துகொண்டார். ஆனால் தனி மனிதன் தனக்கென்று செய்துகொண்ட அற்புதம் அவனோடு நின்றுவிடுகிறது. நாலு பேர் கூடிச் செய்த பைத்தியக்காரத்தனமே நிலைத்து நிற்கிறது. சரித்திரத்தின் சுபாவம் அப்படி.

சரி, அந்த நாலு பேர் ஓட்டிய வண்டி எது? அங்கேதான் கதையின் ருசி இருக்கிறது.

1930-களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்காவில் சைக்கிள் வாங்குவார் இல்லை. அந்தச் சமயத்தில், 1933-இல், சிகாகோ நகரத்து ஷ்வின் கம்பெனி, இரண்டு அங்குலத்துக்கும் அதிகமான பருமன் கொண்ட காற்றடித்த டயருடன் ஒரு முரட்டு வண்டியைக் கொண்டுவந்தது. பத்திரிகை போடுகிற பையன்கள் அதை நடைபாதை மேட்டில் மோதினாலும், மழையில் போட்டாலும் அது தாங்கியது. முப்பது நாற்பது வருஷங்கள் சென்றன. மெல்லிய டயரும் பத்து கியரும் உள்ள பந்தய வண்டிகளின் காலம் வந்தது. பழைய குண்டு டயர் வண்டிகள் கொல்லைக்கும் குப்பைக்கும் போயின. ஜோ ப்ரீஸ் 1973-இல் அப்படிப்பட்ட ஒன்றை வாங்கினார். 1941-இல் செய்த ஷ்வின் வண்டி. விலை 5 டாலர்.

ப்ரீஸும் அவர் தோழர்களும் அசல் பந்தயச் சைக்கிள் வீரர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. அவர்களிடம் விலையுயர்ந்த வண்டிகள் இருந்தன. ஆனால் அவற்றை மலையில் உருட்ட மனம் வராது. ஐந்து டாலர் வண்டியானால் உடைந்தாலும் கவலையில்லை. அந்தக் கவலையின்மைதான் அவர்களுக்குப் பாடசாலையாக அமைந்தது என்பது என் அபிப்பிராயம். உடைத்துப் பார்க்கத் துணிந்தவனுக்குத்தான் எது உடையும் என்று தெரிகிறது.

முதலில் அவர்கள் செய்த அபிவிருத்திக்குக் காலணா செலவில்லை. மட்கார்டு, செயின் மூடி, மோட்டார் சைக்கிள் போலத் தோன்றுவதற்காக வைத்திருந்த போலிப் பெட்ரோல் டாங்கி, எல்லாவற்றையும் கழற்றி எறிந்தார்கள். பிறகு ஒவ்வொரு வண்டியாக முறிந்தது. ஒரு ரகத்துக்குச் சட்டம் முறிந்தது. இன்னொன்றுக்கு முன்கவை வளைந்தது. ஷ்வின் கம்பெனியின் ‘எக்ஸெல்ஸியர்’ என்ற பழைய ரகம் மட்டும் தாக்குப் பிடித்தது. எந்த விளம்பரமும் சொல்லித் தெரிந்துகொண்ட விஷயமல்ல அது.

அடுத்தது பிரேக்கும் கியரும். 1974 டிசம்பரில் மாரின் ஜில்லாவில் ஒரு சேற்றுவழிப் பந்தயம் நடந்தது. தெற்கே குபர்டினோ என்ற ஊரிலிருந்து சில வாலிபர்கள் அதற்கு வந்தார்கள். அவர்களும் பழைய குண்டு டயர் வண்டிகளில்தான் வந்தார்கள். ஆனால் அந்த வண்டிகளில் கட்டைவிரலால் மாற்றுகிற கியரும், கைப்பிடியால் இயங்குகிற டிரம் பிரேக்கும் பொருத்தியிருந்தார்கள். மாரின் பையன்கள் கண்ணை அகல விரித்துப் பார்த்தார்கள். பந்தயம் முடிந்தது, குபர்டினோக்காரர்கள் ஊர் திரும்பினார்கள். அதன்பின் இந்தச் சரித்திரத்தில் அவர்களை நீண்டகாலம் காணோம். கதை எழுதுகிற எனக்கு, ஜெயித்தவர்களைவிட இவர்களிடம்தான் மனசு நிற்கிறது. ஒரு யோசனையைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார்கள்.

பிஷர் தம் கிழட்டு எக்ஸெல்ஸியருக்குக் கியர் பொருத்தினார். இரட்டையர் சைக்கிளுக்கு உரிய டிரம் பிரேக்கையும், மோட்டார் சைக்கிளின் பிரேக் கைப்பிடியையும் மாட்டினார். இதனால் விளைந்தது வேகம் மட்டுமல்ல. அதுவரை வண்டியைத் தள்ளிக்கொண்டோ, யாருடைய லாரியிலாவது ஏற்றிக்கொண்டோதான் மலை உச்சிக்குப் போக வேண்டியிருந்தது. கியர் வந்த பிறகு மிதித்தே ஏறலாம். லாரி வைத்திருக்கிற சிநேகிதன் தேவையில்லை. இறங்குகிற விளையாட்டாக மட்டும் இருந்தது, ஏறுகிற பிரயாணமாகவும் ஆயிற்று.

கடைசியாகத்தான் சட்டத்துக்கு வந்தார்கள். 1977-இல், கெல்லி வேண்டிக்கொண்டதன்பேரில், ஜோ ப்ரீஸ் குரோம்-மாலி எஃகுக் குழாயில் மலைக்கென்றே புதுச் சட்டம் கட்டினார். வண்டியின் மொத்த எடை 38 ராத்தல். இன்றைக்கு அது கனம்தான். அன்றைய கிழட்டு வண்டிகளுக்கு முன்னே பஞ்சு. 1979-இல் பிஷரும் கெல்லியும் சேர்ந்து ஒரு சிறு வியாபாரம் தொடங்கினார்கள். டாம் ரிச்சி சட்டம் கட்டிக் கொடுத்தார். வியாபாரத்துக்கு ‘மௌண்டன்பைக்ஸ்’ என்று பெயர் வைத்து, அந்தப் பெயரைத் தமக்கே பதிவு செய்துகொள்ள முயன்றார்கள். பலிக்கவில்லை. பெயர் ஊர்ச் சொத்தாகிவிட்டது. அவர்கள் விற்ற வண்டியின் விலை சுமார் 1,300 டாலர். ஐந்து டாலரிலிருந்து ஆயிரத்து முன்னூறுக்கு வர ஆறு வருஷம் பிடித்தது! 1981-இல் ஸ்பெஷலைஸ்ட் கம்பெனி ஜப்பானில் செய்வித்த ‘ஸ்டம்ப்ஜம்பர்’ 750 டாலருக்கு வந்தது. மறு வருஷமே ஜப்பானிய ஷிமானோ கம்பெனி மலை வண்டிக்கென்று தனி உறுப்புகளை விற்க ஆரம்பித்தது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டுக்கு இடம் கிடைத்தது. இப்போது ஆயிரக்கணக்கான டாலர் விலையில் வண்டிகள் விற்கின்றன. அவற்றின் விலைச் சீட்டைப் பார்த்து, ‘இது நமக்கல்ல’ என்று திரும்பிப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

அப்படித் திரும்ப இருந்தவர்களில் ஒருவன் என் தமக்கை மகன். கல்லூரியில் படிக்கிறான்.

“மாமா, மலையிலே ஓட்டற சைக்கிள் ஒண்ணு வாங்கணும். கையிலே பணம் கொஞ்சந்தான் இருக்கு. எதை வாங்கலாம்?” என்று கேட்டான்.

“எதை வாங்கறதுன்னு கேட்காதேடா. முதல்லே எதுக்குச் செலவழிக்கறதுன்னு கேள்” என்றேன்.

அந்தக் கேள்விக்கு மாரின்காரர்கள் தங்கள் முட்டிச் சிராய்ப்பிலேயே பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். வேண்டாததைக் கழற்று, நிறுத்துகிற சாதனத்தைச் சரி செய், ஏறுகிற சாதனத்தைச் சரி செய், அப்புறம் சட்டத்தைப் பற்றி யோசி. மேடு பள்ளத்தை வாங்கிக்கொள்கிற ஸ்பிரிங் முன்கவை கடைக்கு வந்ததே 1990-ஐ ஒட்டித்தான். அதற்கு முன் பதினைந்து வருஷத்துக்குமேல் அது இல்லாமலே மலை ஏறி இறங்கியிருக்கிறார்கள்.

இன்றைய மலிவுக் கடை வண்டிகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற ஸ்பிரிங் முன்னாலும் பின்னாலும் இருக்கும். பிரேக் தகரமாக இருக்கும். மலிவான ஸ்பிரிங்கிற்கு அமுங்கத் தெரியுமே தவிர, அடங்கத் தெரியாது. குதித்துக்கொண்டே இருக்கும், எடையும் கூடும். அதே பணத்துக்கு, நல்ல கம்பெனி செய்த, ஸ்பிரிங் இல்லாத எஃகு முன்கவை கொண்ட பழைய வண்டி எவ்வளவோ மேல். தடித்த டயரில் காற்றை அளவாகக் குறைத்து வைத்தால் அதுவே பாதி ஸ்பிரிங்.

பழைய வண்டி வாங்குகிறவன் வர்ணத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. வர்ணத்தின் விரிசலைப் பார்க்க வேண்டும். ஹாண்டிலுக்குக் கீழே குழாய்கள் கூடுகிற இடம், பெடல் அச்சைச் சுற்றிய இடம், இந்த இரண்டிலும் மயிரிழை போலக் கீறல் இருந்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம். எஃகானால் ஒட்டவைக்க ஆள் கிடைப்பான். அலுமினியத்தில் கீறல் விழுந்தால் அதை நம்பி மலை இறங்க முடியாது. ரிம்மில் பிடிக்கிற பிரேக்கானால் ரிம்மின் பக்கவாட்டைத் தடவிப் பார்க்க வேண்டும். குழி விழுந்திருந்தால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். எஃகு ரிம் வேண்டாம். நனைந்தால் பிரேக் வழுக்கும். சக்கரத்தைச் சுழற்றிக் கோட்டம் பார்க்க வேண்டும். சிறு கோட்டமானால் போக்ஸ் கம்பியை இறுக்கித் தளர்த்தி எடுத்துவிடலாம். 26 அங்குலச் சக்கரம் உள்ள வண்டி மலிவாகக் கிடைக்கும். ஆனால் புது வண்டிகள் 29, 27.5 என்று மாறிவிட்டபடியால், அதற்கேற்ற டயர் தேடுவது நாளுக்கு நாள் சிரமம். விலையில் அதையும் கழித்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

செயின் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. புதுச் செயினில் 24 கண்ணிகள் மிகச் சரியாக 12 அங்குல நீளம். சாதாரண அடிக்கோல் போதும், அளந்து பார்க்கலாம். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்றிவிட வேண்டும். சோம்பலில் விட்டு, எட்டில் ஒரு பங்கு வரை போய்விட்டால், செயின் தன்னோடு பற்சக்கரங்களையும் தின்றுவிட்டிருக்கும். ஒரு செயினுக்குப் பார்த்த சிக்கனம் மூன்று உறுப்புகளின் தலையில் விடியும்.

இந்தக் கணக்கையெல்லாம் சொல்லி முடித்தபோது பையன், “இதெல்லாம் கடைக்காரரே பார்த்துக்க மாட்டாரா, மாமா?” என்றான். பார்த்துக்கொள்வார், கூலியும் வாங்கிக்கொள்வார். அது நியாயமான கூலியே. ஆனால் மலையில், கடை இல்லாத இடத்தில், கியர் மாட்டியிருக்கும் கொக்கி வளைந்துபோய்ச் செயின் போக்ஸுக்குள் விழும்போது கடைக்காரர் வரமாட்டார். பணமில்லாதவனின் விளையாட்டாக இது பிறந்ததற்கும் பழுது பார்க்கிறவனின் விளையாட்டாகப் பிறந்ததற்கும் வித்தியாசமே கிடையாது. இரண்டும் ஒன்றுதான். தன் கையால் பிரித்துப் பூட்டத் தெரிந்தவனுக்கு ஐந்து டாலர் வண்டி மலை ஏறியது. அந்தத் திறமையை விட்டுவிட்டால் அதே இடத்தைப் பணத்தால் நிரப்ப வேண்டியிருக்கிறது. அது நிரம்புவதும் இல்லை.

ஜோ ப்ரீஸ் கட்டிய முதல் மலை வண்டியை இப்போது அமெரிக்க தேசத்தின் ஸ்மித்ஸோனியன் பொருட்காட்சிசாலையில் வைத்திருக்கிறார்கள். பேர்பாக்ஸ் ஊரிலேயே 2015-இல் ஒரு சைக்கிள் காட்சிசாலையும் திறந்தார்கள். நல்ல காரியம்தான். வேடிக்கை என்னவென்றால், அந்த மாரின் மலைகளிலேயே பல ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிள் போகக் கூடாது என்று தடை இருக்கிறது. பிறந்த வீட்டிலேயே பெண்ணுக்குப் பாதி அறைகள் பூட்டிக் கிடப்பது போல! கூட்டம் பெருகினால் நடந்து போகிறவர்களுக்கு இடைஞ்சல் என்பதும் உண்மை. அதை ஒரு பக்கமாகச் சொல்லித் தீர்க்க முடியாது.

பையன் ஒரு பழைய வண்டியை வாங்கிவிட்டான். ஸ்பிரிங் கிடையாது. வர்ணம் போயிருக்கிறது, கீறல் இல்லை. முதல் வேலையாகப் பின்சக்கரக் குடத்தைப் பிரித்து, குண்டுகளைத் துடைத்து, கிரீஸ் அடைத்தான். குண்டு ஒன்று உருண்டு எங்கோ போய்விட்டது. தேடிக்கொண்டிருக்கிறான்.