வெண்பீங்கானில் விலங்குகள்: சிற்பி கென்ட்லரும் சக்சனி அரசவையும்

பீங்கான் என்றதும் கிண்ணமும் தட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. அது சிற்பத்துக்குரிய ஊடகமாகியபோது, மண்ணின் இயல்புக்கும் ஆணையிடுவோரின் விருப்புக்கும் இடையே எழுந்த முரண்பாட்டைப் பதினெட்டாம் நூற்றாண்டுச் சக்சனியின் வரலாற்றிலே தெளிவாகக் காணலாம். ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரப் பீங்கான் தொகுதியிலுள்ள பெரிய விலங்குருவங்கள் இதற்குச் சான்றாகும்.

சீனர் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்த வன்பீங்கானின் இரகசியம் ஐரோப்பியருக்கு 1708ஆம் ஆண்டளவிலேயே கைவந்தது. சிர்ன்ஹவுஸ் என்ற அறிஞரும், பொன் செய்ய வல்லவனென்று கூறி அரச காவலில் அகப்பட்டிருந்த பெட்கர் என்ற இளைஞனும் அதனைச் சாதித்தனர். 1710இல் மைசன் தொழிற்சாலை தோன்றியது. சக்சனியின் அதிபதியும் போலந்தின் மன்னனுமான ‘வலிய’ அகஸ்டஸ் பீங்கான்மீது கொண்டிருந்த மோகம் அளவிறந்தது. 1717இல் அவன் தன் குதிரைப்படையினர் 600 பேரைப் பிரசிய மன்னனுக்குக் கொடுத்து 151 சீனப் பீங்கான்களைப் பெற்றான். நான்கு உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஈடு ஒரு சாடி! அரச ஆதரவில் வளர்ந்த கலையைப் போற்றுவோர் இக்கணக்கையும் மனங்கொள்ளுதல் வேண்டும்.

டிரெஸ்டனில் ‘யப்பானிய மாளிகை’ எனப்பட்ட கட்டடத்தைப் பீங்கானால் நிரப்புவதும், அங்கே 500க்கும் மேற்பட்ட விலங்கு, பறவை உருவங்களை இயன்றவரை இயற்கை அளவிலேயே நிறுத்துவதும் அம்மன்னனின் திட்டம். முதலில் இதில் ஈடுபட்டவர் கிர்க்னர் என்ற சிற்பி. அவருடைய காண்டாமிருகம் டூரரின் 1515ஆம் ஆண்டு மரச்செதுக்கோவியத்தைப் பின்பற்றியது. டூரரோ அவ்விலங்கை நேரிற் கண்டவரல்லர். கேள்வியிற் பிறந்த ஓவியத்துக்கு இருநூறு ஆண்டுகளின் பின் பீங்கான் உடல் கிடைத்தது.

1731இல் பணிக்குச் சேர்ந்த யொகான் யோவாகிம் கென்ட்லருக்கு அப்போது வயது இருபத்தைந்து. அரசவைச் சிற்பி தோமேயிடம் பயின்றவர். அவர் படங்களை மட்டும் நம்பவில்லை. மன்னனின் மொரிட்ஸ்பேர்க் மாளிகையில் வளர்க்கப்பட்ட உயிரினங்களை நேரில் நோக்கி வரைந்தார். 1732ஆம் ஆண்டளவில் அவர் படைத்த, குட்டிக்குப் பாலூட்டும் ஆட்டின் உருவத்தில் மயிர்க்கற்றைகளின் சரிவும் படுத்திருக்கும் உடலின் பாரமும் பார்த்தறிந்தவனுக்கே வசப்படுவன. பின்னாளில் அவர் செய்த நாகரிகச் சிற்றுருவங்களே பெரும்புகழ் பெற்றன. எனினும் இவ்விலங்குகளே அவரது உயர்ந்த ஆக்கங்கள் என்பது எமது கருத்து.

ஆயினும் மண் இலகுவில் இசையவில்லை. மூலவுருவிலிருந்து சாந்து அச்சுகள் பகுதி பகுதியாக எடுக்கப்பட்டன. அவற்றுள் பீங்கான் களி கையால் அழுத்தப்பட்டது. பகுதிகள் கூழ்க்களியால் ஒட்டப்பட்டபின் இறகும் மயிரும் கருவியாற் செப்பமிடப்பட்டன. களி உலரும்போதும் சுடும்போதும் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு சுருங்கும். 1,400 பாகை செல்சியஸை அண்மிக்கும் வெப்பத்தில் அது இளகித் தன் பாரத்தாலேயே சாய முற்படும். பாரத்தைத் தாங்கச் சுவரைத் தடிப்பாக்கினாலோ தடிப்பான இடமும் மெல்லிய இடமும் ஒத்துச் சுருங்கா, வெடிப்பு உண்டாகும். இவ்வாறு வயிற்றிலும் அடித்தளத்திலும் பிளந்த உருவங்கள் பல. வர்ணத்தை நிலைப்படுத்த மீண்டும் சூளையிலிடுவது மேலும் ஆபத்தானதாகையால், சிலவற்றுக்குச் சுடாமலே எண்ணெய் வர்ணம் பூசப்பட்டது. அது நிலைக்கவில்லை. இன்று நாம் வியக்கும் வெண்மை அரசவை விரும்பிய வெண்மையன்று.

கிண்ணத்துக்கு ஏற்ற பொருளை யானைக்கும் சிங்கத்துக்கும் ஏற்றதாக்க முனைந்த அரச ஆணையின் தழும்புகள் என்றே அவ்வெடிப்புகளைக் கூறல் வேண்டும். அதே ஆணை இல்லையெனில் கென்ட்லர் மொரிட்ஸ்பேர்க்கில் வரைந்திருக்கவும் மாட்டார்.

1733இல் அகஸ்டஸ் இறந்தான். மகன் காலத்திலும் வேலை சில ஆண்டுகள் தொடர்ந்து, பின்னர் தேய்ந்தது. மாளிகை திட்டமிட்டபடி நிறைவுறவில்லை. கென்ட்லர் 1737 முதல் 1741 வரை அமைச்சர் புரூலுக்காக, 2,000க்கும் மேற்பட்ட உறுப்புகள் கொண்ட ‘அன்ன’ விருந்துக்கலத் தொகுதியில் ஈடுபட்டார். அங்கும் அன்னமும் சங்கும் நீரும் அவரை விட்டகலவில்லை. ஆனால் பேருருவின் ஆசை அவரையும் தொற்றியிருந்தது. 1750களில் புதிய மன்னனின் குதிரையேறிய சிலையொன்றைப் பல நூறு பீங்கான் துண்டுகளால் அமைக்க முற்பட்டார். 1756இல் ஏழாண்டுப் போர் மூண்டது. பிரசியப் படை சக்சனியுட் புகுந்தது. 1775இல் கென்ட்லர் இறந்தபோதும் அச்சிலை எழவில்லை. சிறிய மாதிரியுருவொன்றும் மன்னனின் முகமுமே எஞ்சின.