கொல்கத்தா குளிரும் ஆறு ஜோடி சாக்ஸும்

கொல்கத்தா குளிர்காலம் என்று சொன்னாலே ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். ஜனவரி ராத்திரியில் சராசரியாக 14 டிகிரி, பகலில் 25, 26. அவ்வளவுதான். அதற்கே இந்த ஊர்க்காரர்கள் மங்கி குல்லா, மஃப்ளர், ஸ்வெட்டர், சாக்ஸ் என்று முழு ராணுவ ஆயத்தத்தோடு கிளம்பிவிடுவார்கள். கேட்டால் "டாண்டா லேகே ஜாபே" என்று பதில் வரும். சளி பிடிச்சுடுமாம் :-)

குளிர் கம்மிதான். ஆனால் அதைக் கொண்டாடும் விதத்தில் குறையே கிடையாது. நவம்பர் பிறந்ததும் வெலிங்டன் ஸ்கொயர் ஓரமாக ஸ்வெட்டர் கடைகள் முளைத்துவிடும். (ராஜா சுபோத் மல்லிக் ஸ்கொயர் என்று பெயர் மாற்றி எத்தனையோ வருஷமாச்சு, யார் சொல்கிறார்கள்?) பூட்டியா மார்க்கெட் என்பார்கள். 1959-க்குப் பிறகு திபெத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள் இந்தியா முழுக்கக் குளிர்கால ஸ்வெட்டர் வியாபாரத்தைப் பிழைப்பாக்கிக்கொண்டார்கள். சரக்கு பெரும்பாலும் லூதியானா மில்களில் இருந்து வருகிறது. அத்தனையும் மெஷின் பின்னல்.

இந்தப் பதிவு மெஷினைப் பற்றி அல்ல, கையைப் பற்றி. ஆனால் மெஷினைத் தொடாமல் அந்தக் கதையைச் சொல்ல முடியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு அடிப்படை. தறியில் நெய்வதற்குப் பாவு, ஊடை என்று இரண்டு வகை நூல் வேண்டும். பின்னலுக்கு ஒரே நூல் போதும். ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையத்தை இழுத்துக்கொண்டே போகவேண்டியதுதான். அந்த வளையத்தைத்தான் கண்ணி என்கிறேன். இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். கால் மாதிரி வளைந்து நெளிந்த சமாச்சாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான துணி கிடையாது. எகிப்தில் கிடைத்த மிகப் பழைய பின்னல் பொருள்களில் நீலமும் வெள்ளையுமாகப் பருத்தி நூலில் பின்னிய சாக்ஸ் உண்டு. சுமார் 11-ஆம் நூற்றாண்டு முதல் 14-ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தவை. 1589-ல் வில்லியம் லீ என்ற இங்கிலாந்துக்காரர் காலுறை பின்னும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். இன்றைய பின்னல் மெஷின்களுக்கெல்லாம் அதுதான் கொள்ளுத்தாத்தா. பனியனும் டி-ஷர்ட்டும் ஸ்வெட்டரும் சாக்ஸிலிருந்து கிளைத்த குடும்பம் என்று சொன்னால் தப்பில்லை.

நம்ம ஆட்களுக்குக் கம்பளி புதுசு இல்லை. குறும்பர்கள் ஆட்டு ரோமத்தில் கம்பளி நெய்தார்கள். நீலகிரியில் தோடர்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக உல்லன் நூலில் செய்யும் பூத்தையல் 2013-ல் புவிசார் குறியீடு வாங்கியது. ஆனால் ஊசியில் சாக்ஸ் பின்னுகிற வழக்கம் நம்மிடம் இல்லை. எதற்கு இருக்கப்போகிறது? வெறுங்காலோடு வாசல் தெளித்துக் கோலம் போடுகிற ஊர். சாக்ஸ் என்றால் பள்ளிக்கூட நைலான் சாக்ஸ், அதுவும் சாயங்காலம் கழற்றினால் வீடே மணக்கும்!

இந்தப் பின்னல் தமிழர்களிடம் வந்து சேர்ந்ததில் கல்கத்தாவுக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு வழியாக வந்தது. ஒன்று மெஷின் வழி, இன்னொன்று கை வழி. முதலாவதற்கு வரலாறு இருக்கிறது, இரண்டாவதற்கு இல்லை. நான் சொல்ல வந்ததே இதுதான்.

மெஷின் கதை எல்லோருக்கும் கிடைக்கிறது. இந்தியாவின் முதல் பின்னலாடைத் தொழிற்சாலை 1893-ல் கல்கத்தாவின் கிதிர்பூரில் தொடங்கியது என்று தொழில் வரலாறுகள் சொல்கின்றன. பிறகு 1905-ல் சுதேசி இயக்கம் வந்தது. சீமைத் துணி வேண்டாம் என்றதும் உள்ளூர்ப் பனியனுக்குக் கிராக்கி ஏறியது. இன்று வங்காளதேசத்தில் இருக்கும் பாப்னா, பனியனுக்கே பெயர் போன ஊராயிற்று. திருப்பூரில் 1925-ல் குலாம் காதர் முதல் பின்னல் பட்டறையைப் போட்டார். அந்த மெஷின்கள் கல்கத்தாவிலிருந்து வந்தவை என்று திருப்பூர்ப் பக்கம் சொல்வார்கள். அதன் பிறகு நடந்தது ஊரறிந்த கதை. இன்றைக்கும் ரூபா, லக்ஸ், டாலர் என்று பெரிய பனியன் கம்பெனிகளின் தலைமையகம் கொல்கத்தாவில் இருக்கிறது, தையலும் பின்னலும் திருப்பூரில் நடக்கிறது.

வார்த்தைகளையும் பாருங்க, சுவாரசியமா இருக்கும். வங்காளிகள் பனியனை "கெஞ்சி" என்பார்கள். அது கெர்ன்ஸி என்ற தீவின் பெயரிலிருந்து வந்தது. இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவில் கடலில் இருக்கும் சின்னத் தீவு. அங்கே மீனவர்களுக்காகக் கையால் பின்னிய கம்பளிச் சட்டைக்கு ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. பக்கத்துத் தீவு ஜெர்சி, அது கொடுத்த சொல் உங்களுக்கே தெரியும். நம்ம "பனியன்" குஜராத்தி வணிகர்களைக் குறித்த சொல்லிலிருந்து ஐரோப்பியர் வாயில் புகுந்து திரும்பி வந்தது. ஆக, தீவுக்குப் பெயர் இருக்கிறது, வியாபாரிக்குப் பெயர் இருக்கிறது, பட்டறை போட்டவருக்குப் பெயர் இருக்கிறது. பின்னிய கைகளுக்கு?

சரி, கைக் கதைக்கு வருவோம்.

கல்கத்தாவுக்குத் தமிழர்கள் வந்தது பெரும்பாலும் கணக்கெழுதவும் சுருக்கெழுத்துக்கும். 1907-ல் சி.வி. ராமன் இங்கே வந்ததே உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகத்தான். கூட லோகசுந்தரி அம்மாளும் வந்தார். 1933-ல் பெங்களூர் போகும் வரை ராமனுக்குப் பெரும்பாலும் இந்த ஊர்தான். அவரைப் போலப் பின்னால் வந்த ஆயிரக்கணக்கான குமாஸ்தா, ஸ்டெனோ குடும்பங்கள் லேக் மார்க்கெட், ராஷ்பிஹாரி அவென்யூ பக்கம் குடியேறின. காபிக்கொட்டை, வாழைப்பூ, மல்லிகைப்பூ எல்லாம் கிடைக்கிற இடமாச்சு. அந்த வீட்டுப் பெண்களுக்குப் பக்கத்து வீட்டு மாஷிமாக்கள் சொல்லிக்கொடுத்ததுதான் "உல் காண்ட்டா", அதாவது உல்லன் நூலும் ஊசியும்.

நான் குடியிருக்கும் கட்டடத்தில் ஒரு மாமி இருக்கிறார். 1961-ல் கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். வயது எண்பத்தைந்து தாண்டியாச்சு. அவர்தான் எனக்குச் சாக்ஸ் குதிகால் திருப்பக் கற்றுக்கொடுத்தார். தமிழில்தான் பேசுவார், ஆனால் ஊசியைக் கையில் எடுத்தால் எண்ணிக்கை வங்காளியில்தான் ஓடும். நேர்க் கண்ணிக்கு "ஷோஜா", புரட்டுக் கண்ணிக்கு "உல்ட்டோ". கண்ணிக்கு வங்காளியில் என்ன சொல்வார்கள் தெரியுமா? "கோர்". வீடு, அறை என்று அர்த்தம். கண்ணி ஏற்றுவதற்கு "கோர் தோலா". தோலா என்றால் தூக்குவது, எழுப்புவது. ஊரை விட்டு வந்து வாடகை வீட்டில் குந்தியிருக்கும் நமக்கெல்லாம் பிடிக்க வேண்டிய வார்த்தை!

"பாஷை வராத நாள்ல இதுதான் எனக்குப் பேச்சுத்துணை. புள்ளிக் கோலம் போடறவளுக்குக் கணக்கு தப்புமாடீ? ரெண்டே நாள்ல பிடிச்சுண்டுட்டேன்" என்பார் மாமி.

மாமி வந்த அடுத்த வருஷம் சீனப் போர். 1962 அக்டோபர் 20-ல் தொடங்கி நவம்பர் 21-ல் நின்றது. இமயமலை உயரத்தில் பருத்திச் சீருடையும் கான்வாஸ் ஷூவுமாகப் பல ஜவான்கள் நின்றார்கள் என்பது பின்னால் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பொம்டிலா விழுந்து, அஸ்ஸாமில் தேஸ்பூரைக் காலி செய்தபோது கல்கத்தாவில் எவ்வளவு கலக்கம் இருந்திருக்கும் என்று யோசியுங்கள். நாடு முழுக்கப் பெண்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள், ஸ்வெட்டரும் சாக்ஸும் பின்னி அனுப்பினார்கள். மாமியும் பின்னினார். பகலெல்லாம் கூட்டுக் குடும்ப வேலை. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு அடுப்படியில் உட்கார்ந்து ஆறு ஜோடி.

இது எவ்வளவு வேலை என்று சொல்கிறேன். நான் மெல்லிய நூலில் 64 கண்ணி ஏற்றிப் பின்னுகிறேன். ஒரு சாக்ஸுக்குச் சுமார் 12,000 கண்ணி, ஜோடிக்கு 24,000. செக்டார் ஃபைவ் ஆபீஸுக்குப் போக வர மெட்ரோவிலும், கான்ஃபரன்ஸ் காலில் மற்றவர்கள் பேசும்போதும் (மேனேஜர் படிக்காமல் இருக்கக் கடவது!) பின்னினால் ஒரு ஜோடிக்கு ஒரு மாதம் ஆகிறது. மாமி போட்டது கனமான நூல், கண்ணி குறைவு. அப்படியும் ஆறு ஜோடிக்கு முக்கால் லட்சம் கண்ணிக்குக் குறையாது.

மாமாவின் ஆபீஸ் மூலமாக அது போய்ச் சேர்ந்தது. ரசீது இன்னும் மாமியின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. காண்பித்தார். ஆங்கிலத்தில், ஆறு ஜோடி கம்பளிக் காலுறை, நன்றியுடன் பெற்றுக்கொள்ளப்பட்டது. கீழே மாமாவின் பெயர்.

"இதுல உங்க பேரே இல்லையே மாமி?" என்றேன்.

"எனக்குன்னு ஒரு பேர் இருக்கறது அந்த ஆபீஸுக்கு எப்படிடீ தெரியும்?" என்றார். கோபமெல்லாம் இல்லை. பெட்டியை மூடிவிட்டுக் காபி கலக்கப் போய்விட்டார்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. யோசித்துப் பார்த்தால் கைப்பின்னல் வரலாற்றில் ஏறாததற்கு வேறு காரணமும் இருக்கிறது. விற்ற வேலைக்குக் கணக்கு இருக்கும். 1820-களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண்மணி லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தது, அதில் வந்த காசில் சில பெண்கள் அடிமைத்தனத்திலிருந்து தங்களை மீட்டுக்கொண்டது எல்லாம் மிஷன் ஏடுகளில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னியதை யார் எழுதி வைப்பார்கள்?

போதாததற்கு, பொருளும் மிஞ்சாது. அந்தக் காலத்தில் உல்லன் நூல் விலை அதிகம். கான்பூர் லால் இம்லி, பஞ்சாப் தாரிவால் நூல் என்றால் பொக்கிஷம். அதனால் குழந்தை வளர்ந்ததும் ஸ்வெட்டரைப் பிரித்துவிடுவார்கள். சுருண்ட நூலை நாற்காலி முதுகில் சுற்றி, அலசிக் காயப்போட்டால் நேராகிவிடும். பெரிய குழந்தையின் ஸ்வெட்டர் சின்னக் குழந்தையின் குல்லாவாகும், அப்புறம் தாத்தாவின் சாக்ஸாகும். கடைசியில் கையில் ஒன்றும் இருக்காது. 1876-ல் தொடங்கிய லால் இம்லி மில்லே பல வருஷமாக ஓடாமல் நிற்கிறது. ஆனால் அதற்குச் செங்கல் கட்டடமாவது இருக்கிறது.

இப்போது நூலுக்குப் பஞ்சமில்லை. கையால் சாயம் தோய்த்த மெரினோ நூல், ஒரே சிட்டத்தில் மயில் கழுத்து நீலமும் மாந்துளிர் நிறமும் சேர்ந்து வருவது. 100 கிராம், 400 மீட்டர், ஒரு ஜோடிக்குச் சரியாக இருக்கும். நான் அலுவலகம் விட்டு வந்து அந்தச் சிட்டத்தைச் சும்மா மடியில் வைத்துக்கொண்டே பத்து நிமிஷம் உட்கார்ந்திருப்பதுண்டு. மாமிக்கு ஒன்று வாங்கிக்கொடுத்தேன். விரலால் நிரடிப் பார்த்துவிட்டு, "இதைப் போய்க் கால்ல போட்டுக்கவா?" என்று கேட்டார். இப்போது அதில் பாதி சாக்ஸ் வளர்ந்திருக்கிறது. இந்த ஜோடியின் பட்டியில் அவர் பெயரைத் தமிழில் தைக்கச் சொல்லியிருக்கிறேன். முதலில் வெட்கப்பட்டார், பிறகு என்ன நிறத்தில் தைக்கலாம் என்று அவரே கேட்டார்.

உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். டெல்லியில், ஜாம்ஷெட்பூரில், லண்டனில், டொரண்டோவில், போன ஊர்க் குளிருக்காகப் பின்னக் கற்றுக்கொண்ட அத்தை, பெரியம்மா, பாட்டி யாராவது. ஊரில் கொலுவுக்கு உல்லன் தோரணம் போட்டவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பீரோவில் ஏதாவது மிச்சமிருந்தால் வெளியே எடுங்கள். ஒரு போட்டோ பிடித்து, யார் பின்னியது, எந்த வருஷம், யாருக்காக, யாரிடம் கற்றுக்கொண்டார் என்று நாலு வரி எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். முக்கியமாக, அவர்களுடைய சொந்தப் பெயரில் எழுதுங்கள்.

பின்குறிப்பு: கம்பளி சாக்ஸை வாஷிங் மெஷினில் போடாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, பிழியாமல் துண்டில் உருட்டி நிழலில் காயவைக்கவும். இல்லையென்றால் உங்கள் சாக்ஸ் உங்கள் குழந்தைக்குத்தான் சரியாக இருக்கும் :-)